கைப்பையில் இருந்த மெழுகுவர்த்தி

என் கணவர் கத்தோலிக்கர். நான் புராட்டஸ்டண்ட் வீட்டில் பிறந்தவள். இறந்தவர்களுக்காக ஜெபிக்கத் தேவையில்லை என்று எந்தக் காலத்திலோ ஐரோப்பாவில் சீர்திருத்தக்காரர்கள் சொன்னது, இங்கே மலேசியாவில், சுங்கை ரம்பாயில் என் கையைப் பிடித்து வைத்திருக்கிறது.

“கல்லறைத் திருநாளுக்கு எனக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவியா?” என்று சாகக் கிடந்தபோது கேட்டார். தலையாட்டினேன்.

இந்த நவம்பரில் வாங்கிப்போன மெழுகுவர்த்தி கைப்பையிலேயே கிடந்தது. சுற்றிலும் விளக்குகள், அவர் கல்லறை மட்டும் இருட்டு. பக்கத்துக் கல்லறைக்கு வந்த பெண் பொறுக்கமாட்டாமல் தன் மெழுகுவர்த்திகளில் ஒன்றை அங்கே ஏற்றினாள்.

“மறந்துட்டீங்களா அக்கா? பரவால்லலா.”

ஆமாம் என்று பொய் சொன்னேன். காற்றில் சுடர் சாய்ந்தது. சட்டென்று குனிந்து கைகளைக் குவித்து மறைத்தேன்.

அது ஜெபமில்லை என்று வீடு வரும்வரை கடவுளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். என் கணவருக்கும் கேட்டிருக்கும்.