வாயைப் பொத்திக்கொண்டு சாகிறவர்கள்

அந்த வீடியோ கேமில் வேற்றுக்கிரகத்துப் படையை ஏற்றி வரும் கப்பல் ஒன்று உண்டு. வண்டு மாதிரி உப்பிய வயிறு. வயிறு திறந்தால் நாற்பது சிப்பாய்கள் பொலபொலவென்று கொட்டுவார்கள். விளையாடுகிறவன் ராக்கெட்டை விடுவான். ஒருவன் எரிந்துகொண்டே விழுவான், ஒருவன் இரண்டு துண்டாக விழுவான், ஒருவன் பக்கத்து ஆளின் காலைப் பிடித்துத் தொங்கி, அந்தக் காலோடு மட்டும் விழுவான்.

நாற்பது பேரும் ஒரே ஆள்தான். ஸ்டண்ட் வட்டாரத்தில் அவரைத் தொப்பண்ணன் என்பார்கள். எந்த உயரத்திலிருந்து தள்ளினாலும் 'தொப்' என்று ஒரே சத்தத்தில் விழுகிற உடம்பு.

சினிமாவில் அவர் சாகாத சாவு கிடையாது. கண்ணாடியைப் பிளந்துகொண்டு செத்திருக்கிறார். ஓடுகிற லாரியிலிருந்து உதைபட்டுச் செத்துவிட்டு, ஷாட் சரியில்லை என்றதும் நொண்டிக்கொண்டே திரும்ப ஏறிச் செத்திருக்கிறார். ஒரு கதாநாயகருக்குக் காற்றில் குத்தத் தெரியாது, முகத்தில் குத்த மட்டுமே தெரியும். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் அந்த மகா கலைஞரின் நினைவாகப் போயின. அன்றிலிருந்து கழற்றி மாட்டுகிற பல்செட்.

கேம் கம்பெனியில் கப்பல் என்பது ஒரு பிளைவுட் மேடை, ஓர் இரும்பு ஏணி, கீழே மெத்தைகள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் வெள்ளைக் குண்டுகளை ஒட்டிவிடுவார்கள். சுற்றி நிற்கும் காமிராக்கள் அந்த அசைவை எடுத்து வேற்றுக்கிரகத்தானுக்குப் போர்த்திவிடும். முகத்துக்கு வேலையே இல்லை. தொப்பண்ணன் நாற்பது தரம் விழுந்தார். நாற்பது தரமும், பல்செட் பறந்துவிடப் போகிறதே என்று வலது கை தானாக வாய்க்குப் போயிற்று.

கேம் வெளியானதும் உலகம் ஆராய்ச்சியில் இறங்கியது. இந்த இனத்தார் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சாகிறார்கள்? உயிர் வாய்வழியே போய்விடாமல் தடுக்கும் சடங்கு என்றார் ஓர் அறிஞர். தன் அலறலைக்கூட எதிரிக்குத் தர மறுக்கும் வீரம் என்று இன்னொருவர் மூச்சுவிடாமல் பேசிப் பதிவேற்றினார். கேமின் டைரக்டர் முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு, அதை யோசிக்கவே தமக்கு ஒரு வருடம் ஆயிற்று என்று பேட்டி கொடுத்தார். தொப்பண்ணன் வாய் திறக்கவில்லை. இத்தனை காலம் யாரோ ஓர் அடியாளாகச் செத்தவர், இப்போது ஓர் இனமாகச் செத்திருந்தார். லேசில் விட்டுக்கொடுக்கிற பதவியா அது?

வினை மச்சினன் ரூபத்தில் வந்தது. மனைவியின் தம்பி, பல் டாக்டர். மாமாவின் பொக்கையைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று தாடையெலும்பைத் துளைத்து, திருகாணி இறக்கி, நான்கு பற்களை முடுக்கிவிட்டான். முடுக்கி முடித்தபோது நாற்காலியின் கைப்பிடி தனியாக வந்து தொப்பண்ணன் கையில் இருந்தது.

"யானையைக் கட்டி இழுத்தாலும் வராது மாமா," என்றான். அக்காள் பூரித்துப்போனாள்.

இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் கப்பலுக்குள்ளேயே பாய்ந்து, சிப்பாய்களை ஒவ்வொருவராக உதைத்து வெளியே தள்ளுகிறான். உதைக்கிற காலாக வந்தவன் ஸ்பிரிங் என்கிற இளைஞன். நெஞ்சில் உதைத்தான். தொப்பண்ணன் விழுந்தார். கை அதுபாட்டுக்கு இடுப்போரம் ஆடிக்கொண்டு வந்தது. அடுத்த தரம் ஞாபகமாகக் கையைத் தூக்கினார், கொட்டாவியை மறைப்பது போலிருந்தது. அதற்கடுத்த தரம் தும்மல்காரன்.

"அண்ணே, இது நடிப்பா இருக்கு," என்றார் டைரக்டர். "முன்னாடி நீங்க பண்ணினது சாவு. அது எங்க போச்சு?"

அது பழைய பல்செட்டோடு மச்சினனின் குப்பைத்தொட்டிக்குப் போயிருந்தது. சொல்ல முடியுமா? ஓர் இனத்தின் மதமே கழன்று விழுந்துவிடுமே. டீ குடித்துவிட்டு வந்தும் சரிவராவிட்டால் ஸ்பிரிங்கை விழவைத்துப் பார்க்கலாம் என்று டைரக்டர் உதவியாளரிடம் சொன்னது காதில் விழுந்தது.

தொப்பண்ணன் டீயைத் தொடவில்லை. ஸ்பிரிங்கை ஏணிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"இந்தத் தரம் நெஞ்சுல வேணாம். வாயில உதை. நிஜமா."

"ஐயோ, நான் மாட்டேண்ணே. பொறாமையில உதைச்சான்னு பேசுவாங்க."

"பொறாமை இல்லியா உனக்கு?"

ஸ்பிரிங் கொஞ்சம் யோசித்தான். "இருக்கு."

"அப்புறம் என்ன? அதை அப்படியே காலுக்கு இறக்கு."

இறக்கினான். தாடையில் பூட்ஸ் பட்ட சத்தம் கடைசி காமிராக்காரன் வரை கேட்டது. யானைக்கு வராதது ஸ்பிரிங்குக்கு வந்தது: பல்லும், திருகாணியும், திருகாணியைப் பிடித்திருந்த எலும்பில் ஒரு சில்லும். உதடு கிழிந்து தொங்கியது. கை யாரையும் கேட்காமல் வாய்க்குப் பறந்தது. தொப். மெத்தையெல்லாம் ரத்தம். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். தனக்கு வரவிருந்த வேலைக்குத் தானே உதைவிட்ட ஸ்பிரிங்தான் முதலில் ஓடிவந்து தூக்கினான்.

மீதி மூன்று பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டம் போதும், மிச்சமிருந்த அத்தனை சாவுக்கும் கை தப்பாமல் மேலே போயிற்று. வீட்டில், கால் வழுக்கி ஏணியில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிவைத்தார்.

இரண்டாம் பாகம் வந்த அன்று மச்சினன்தான் முதல் ஆளாக டிவி முன்னால் உட்கார்ந்தான். கப்பலுக்குள் பாய்ந்து உதைத்தான். சிப்பாய் வாயைப் பொத்திக்கொண்டு விழ, விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ திருகுவாலோடு தெறித்து மின்னியது. கேமை வரைகிறவர்கள் காமிராவில் விழுந்த எதையும் வீணாக்கவில்லை. அது இனத்தின் உயிர்விதை, சாகும்போது விதைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அறிஞர்கள் அதற்குள் எழுதியாகிவிட்டது.

மச்சினன் படத்தை நிறுத்தினான். கிட்டப் போய்ப் பார்த்தான்.

"மாமா, இது நான் போட்ட திருகாணி."

மனைவி திரையைப் பார்த்தாள். சிப்பாயின் தாடைப்பக்கம் இன்னும் நீண்டிருந்த பூட்ஸைப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏணின்னு சொன்னீங்க?"

தொப்பண்ணனின் வலது கை தானாக மேலே போயிற்று.