தலைமறைவான கணிதரும் பென்டில் ஹில் அக்காவும்

அக்கா முதன்முறை அந்தத் தாள்களை என் முன்னால் வைத்தபோது அவற்றின் ஓரங்களில் புளிக்கறை இருந்தது. குசினி மேசையில், காய் நறுக்கும் பலகைக்கும் மிக்சிக்கும் நடுவே மிஞ்சிய கொஞ்ச இடத்தில் வைத்துத்தான் அவர் எழுதுவார். பள்ளிக்கூடத்துப் பயிற்சித் தாள்களின் பின்பக்கம், நீல மை, ஒரு பக்கமாகச் சாய்ந்த எழுத்து. "தம்பி, இதை டைப் அடிச்சுத் தர முடியுமா? தமிழ்ல நான் ஒரு வரி அடிக்கறதுக்குள்ள சோறு குழைஞ்சிடுது" என்றார். நான் ஓம் என்றேன். அந்த நாட்களில் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. பயப்படுவது மட்டும்தான் என் வேலையாக இருந்தது.

அக்கா பாண்டிச்சேரிக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர், கணவரை இழந்தவர்; ஒரே மகன் மெல்பேர்னில். சிட்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவன். அந்தப் பத்திரிகையில் வந்த சில செய்திகளுக்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் படகேறினேன். சிட்னிப் புறநகரான பென்டில் ஹில்லில் அக்கா வீட்டின் பின்னறைக்கு நான் குடிவந்தபோது என்னிடம் தற்காலிக விசா இருந்தது. பிறகு என் அடைக்கலக் கோரிக்கையை நிராகரித்தார்கள். மறுபரிசீலனையிலும் நிராகரித்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் கிடந்தது. அது முடியும்வரை நாட்டில் இருப்பதற்கான விசாவைப் புதுப்பிக்கக் கேட்டிருந்தேன், பதில் வரவில்லை. பழையது முடிந்துபோனது. அன்றிலிருந்து சட்டப்படி நான் எந்த நேரமும் பிடித்து அடைக்கப்படக் கூடியவன்.

பயம் என்பது என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்தேன். ஊரில் பட்ட பயம் சத்தமானது. அது வரும், போகும். இங்கே வந்த பயம் சத்தமில்லாமல் வீட்டோடு வந்து தங்கிவிட்டது. தெருவில் வெள்ளை வான் ஒன்று வேகத்தைக் குறைத்தால் யன்னலை விட்டு விலகுவேன். தபால்காரரின் வண்டி நின்றால் கதவுப் பூட்டைச் சரிபார்ப்பேன். கடைக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு முற்றத்துக்குப் போவதையும் நிறுத்தினேன்.

அக்கா எழுதிக்கொண்டிருந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக் கணிதரின் வாழ்க்கை வரலாறு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவர் என்பதால் மூலத்திலேயே வாசித்துத் தமிழில் எழுதினார். கணிதர் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அதனால் அக்கா அவரைப் 'பிரபு' என்றே சொல்வார், ஏதோ இரண்டு தெரு தள்ளி இருக்கும் சொந்தக்காரரைச் சொல்வதுபோல. "இன்னைக்குப் பிரபுவுக்கு அகாடமியில வேலை கிடைச்சிடுச்சு" என்பார் கடுகு தாளித்தபடி.

பிரபுவைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அவர் எனக்குப் பிடித்துப்போனார். கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனை இழந்தவர். இந்தப் பிள்ளையையும் இழந்துவிடக் கூடாது என்று தாய் நேர்த்தி வைத்து, எட்டு வயதுவரை பெண்பிள்ளையைப்போல வெள்ளைக் கவுண் போட்டு வளர்த்தார். வளர்ந்த பிறகும் கூட்டத்தில் பேசக் கூச்சப்பட்டு நகம் கடிக்கிற மனிதராகவே இருந்தார். ஆனால் கடதாசியில் எழுதும்போது கூச்சம் இல்லை. அடிமை வியாபாரம் கூடாது, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். கணிதத்தை நட்சத்திரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் மனிதர்களுடைய தீர்ப்புகளுக்கும் கொண்டுவந்தார். ஒரு நீதிபதி தவறு செய்யக் கூடும். பல பேர் சேர்ந்து தீர்ப்புச் சொன்னால் அது சரியாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? இதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அந்த அத்தியாயம் முடிந்த அன்று அக்கா என்னிடம் கேட்டார்:

"உங்க கேஸை மறுபடி பார்த்தாங்களே, எத்தனை பேர் பார்த்தாங்க?"

"ஒராள்தான் அக்கா."

"ஒருத்தரா? உங்களைக் கூப்பிட்டுப் பேசினாரா?"

"இல்லை. கடதாசியை மட்டும் பாத்தவர்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் தவறு செய்வதைவிடச் சரியாகச் செய்வது கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும், ஆள் கூடக்கூடத் தீர்ப்பு உண்மைக்குக் கிட்ட வரும் என்பதைப் பிரபு நிறுவியதை விளக்கினார். நான் கேட்டேன்: "பிழை விடுறது கொஞ்சம் கூடவா இருந்தா?"

"அப்போ ஆள் கூடக்கூட மோசமாகும். அதையும் எழுதியிருக்காரு" என்றார். பிறகு எழுந்து அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

பிரபுவின் கதை இருளத் தொடங்கியது. பிரான்சில் புரட்சி வந்தது. அவர் அதை வரவேற்றவர். ஆனால் மன்னனைக் கொல்ல வேண்டாம் என்று வாக்களித்தார். ஆட்சியைப் பிடித்தவர்கள் கொண்டுவந்த அரசியல் சட்டத்தைக் குறை சொல்லி எழுதினார். அவரைப் பிடிக்க உத்தரவு பிறந்தது. பாரிசில் ஒரு விதவைப் பெண், முன்பின் தெரியாதவரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தார். ஒளித்தவருக்கும் மரணதண்டனை என்ற காலம். பிரபுவின் மனைவி சிறு உருவப்படங்கள் வரைந்து பிழைத்தபடி, வேடம் மாற்றி நடந்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பக்கங்களை அடிக்கும்போது சில வரிகளை இரண்டு முறை வாசித்தேன். எனக்கு விளங்காத விடயம் ஒன்று இருந்தது. அந்த அறைக்குள் இருந்துகொண்டு அவர் எழுதியது தன் வழக்கைப் பற்றியல்ல. மனித குலம் மேலும் மேலும் அறிவு பெறும், ஒரு நாள் அடிமையும் கொடுங்கோலனும் இல்லாத உலகம் வரும் என்று எழுதிக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் சத்தம் கேட்டபோது அவர் பேனாவைக் கீழே வைத்தாரா, அல்லது எழுதிக்கொண்டே இருந்தாரா? அதை அறிய எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் நான் வேறொன்றைத்தான் கேட்டேன்.

"அக்கா, இவர் கடைசியில பிடிபட்டவரோ?"

"அந்த இடத்துக்கு நான் இன்னும் வரலை" என்றார் அக்கா, அரிசியைக் களைந்தபடி. திரும்பிப் பார்க்காமல் சொன்னதால், அந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, தோசைக்கல் சூடாகிக்கொண்டிருந்தபோது முன்கதவைத் தட்டினார்கள். யன்னல் சீலையின் ஓரத்தால் பார்த்தேன். வெள்ளை வான், கருநீலச் சட்டையில் இரண்டு பேர். என் கால்கள் என்னைக் கேட்காமலே உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய்விட்டன. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் குந்தினேன். சவர்க்காரத் தூளின் மணம் மூக்கில் ஏறியது. தும்மல் வந்துவிடக் கூடாது என்று வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன். அக்காவின் குரல் கேட்டது. வகுப்பில் பேசுவதுபோல நிதானமான ஆங்கிலம். அவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள். என்னுடையது அல்ல, எனக்கு முன் அந்த அறையில் இருந்தவருடையது. அவர் போய் நெடுநாளாயிற்று என்றார் அக்கா. இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். "வீட்டுக்குள் வர அனுமதிக் கடிதம் வைத்திருக்கிறீர்களா?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். இல்லை என்றார்கள். பிறகு வான் புறப்பட்டது.

"போயிட்டாங்க தம்பி. வெளியே வாங்க, தோசை ஆறிடும்."

என்னால் எழும்ப முடியவில்லை. அவர்தான் கை கொடுத்துத் தூக்கினார்.

அன்று பின்னேரம் என் தொலைபேசியில் தேடி வாசித்தேன். விசா இல்லாத ஒருவரை ஒளித்து வைப்பது இந்த நாட்டில் குற்றம். அதற்குச் சிறையும் உண்டு. அதுவரை நான் எனக்காக மட்டும் பயந்திருந்தேன். இனி அக்காவுக்காகவும் பயப்பட வேண்டும் என்றபோது, அந்தப் பயம் எனக்குள் கொள்ளவில்லை. போய்விடுவது என்று முடிவெடுத்தேன். சொல்லிவிட்டுப் போனால் விடமாட்டார். அடுத்த நாள் விடிந்ததும், "அக்கா, பின்னால ஷெட்டுக்க என்ர குளிர்ச்சட்டை ஒண்டு கிடக்கு, எடுத்துத் தாறீங்களே?" என்றேன். அவர் பின்கதவால் போக, நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்கதவால் இறங்கினேன்.

ஸ்டேஷனில் நின்று மெரிலேண்ட்ஸில் இருக்கும் கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரே படகில் வந்தவர்கள் நாங்கள். "மச்சான், குறை நினைக்காதை. வீட்டுக்காரர் ஒரு மாதிரி. இப்ப வராதை" என்றான். அவன் குரலிலும் என்னுடைய பயமே இருந்தது. அவனைக் குறை நினைக்க முடியவில்லை. அப்போது ஒரு ரயில் வந்தது. டிக்கெட் பார்க்கும் சீருடைக்காரர் மூவர் இறங்கி என் பக்கமாக நடந்து வந்தார்கள். ஓடினால் சந்தேகம் வரும் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தேன். அவர்கள் கால்பந்தைப் பற்றிச் சிரித்துப் பேசியபடி என்னைக் கடந்து போனார்கள்.

படிகளில் வீட்டுச் செருப்பின் சத்தம் கேட்டது. அக்கா நைட்டிக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஷெட்டுல சட்டையே இல்லை."

நான் பையைக் காலுக்கடியில் தள்ளினேன்.

"அந்தப் பக்கத்தை நான் உங்ககிட்டக் குடுக்கவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?"

"எந்தப் பக்கம் அக்கா?"

அப்போதுதான் சொன்னார். பிரபுவும் அப்படித்தான் போனார். தன்னால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்று நினைத்து, எதையோ எடுத்து வரச் சொல்லி அவரை மாடிக்கு அனுப்பிவிட்டு வெளியேறினார். பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனார். அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பசியோடு அலைந்து ஒரு சத்திரத்தில் முட்டைப் பொரியல் கேட்டார். எத்தனை முட்டை போட என்று கேட்டதற்கு, சமையலறைப் பக்கமே போயிராத அவர் ஒரு டசின் என்றாராம். தச்சன் என்று சொல்லிக்கொண்டார், கைகளோ மிருதுவாக இருந்தன. பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையறையில் செத்துக் கிடந்தார். விஷமா, களைப்பா, இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

"இதைப் படிச்சா நீங்க பயந்துடுவீங்கன்னு மறைச்சேன்" என்றார். "அந்த அம்மா அவரைத் தேடித்தான் இருப்பாங்க. ஆனா அவங்ககிட்ட கார் இல்லை. எங்கிட்ட இருக்கு. எழுந்திருங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா இன்னொன்றும் சொன்னார். இனி ஒளிந்திருப்பது இல்லை. வழக்கறிஞரைப் பிடித்து, நாமே அலுவலகத்துக்குப் போய் விசாவைக் கேட்பது. எனக்கு அது சிங்கத்தின் வாயில் தலையை வைப்பதாகத் தோன்றியது. வழக்கறிஞரும் ஆறுதல் சொல்லவில்லை. அநேகமாகத் தருவார்கள், ஆனால் உள்ளே வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தன்னால் உறுதி தர முடியாது என்றார். போகும் நாளன்று ஒரு பையில் மாற்றுடுப்பும் பற்பசையும் எடுத்து வைத்தேன். அக்கா அந்தப் பையை வாங்கிக் காரில் வைத்தார்.

அலுவலகத்தில் என் இலக்கம் வந்ததும் இளம் அதிகாரி ஒருவர் என்னை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. அந்த 'டிக்' சத்தத்தோடு என் காது அடைத்துவிட்டது. முதல் கேள்வி, எங்கே வசிக்கிறீர்கள் என்பது. தன் விலாசத்தைச் சொல்லும்படி அக்காவே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனாலும் கேள்வி விளங்காததுபோல அவரைப் பார்த்தேன். அதிகாரி இரண்டாம் முறை கேட்டார். சொன்னேன். சொல்லும்போது யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல உடம்பு கூசியது. அவர் அதைப் பதிந்துவிட்டு உள்ளே எழுந்து போனார். திரும்பி வரும்வரை நான் சுவரையே பார்த்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பியவர் கையில் ஒரு தாள் இருந்தது. வழக்கு முடியும்வரை நான் வெளியே இருக்கலாம்.

பிறகு நீதிமன்றம் என் கோரிக்கையை மீண்டும் பரிசீலிக்கச் சொன்னது. இந்த முறை பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். விசா கிடைத்தது. இப்போது மனைவியோடு மெரிலேண்ட்ஸில் இருக்கிறேன். அக்கா மகனோடு இருக்க மெல்பேர்னுக்குப் போய்விட்டார். பிரபுவின் கடைசி அத்தியாயத்தையும் நான்தான் அடித்தேன். ரயிலில் சீருடைக்காரர் ஏறினால் இன்றும் விசாத் தாளைத் தேடி என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். மனைவி அதைக் கண்டும் காணாததுபோல யன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

ஆனால் அலுவலகத்துக்குப் போன அந்த நாளை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அதிகாரி தந்த தாள் அல்ல. அலுவலகத்துக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், அக்கா கார்த் திறப்பைக் கையில் வைத்தபடி ஸ்டியரிங்கின் முன்னால் இருந்தார். காரை எடுக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் இருப்போம் தம்பி. காலு ஆடுது, பிரேக் மிதிக்க முடியாது."

திரும்பிப் பார்த்தேன். அவருடைய முழங்கால் நைலோன் சேலைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீங்களும் பயந்தனீங்களோ அக்கா?"

"அவங்க வந்து கதவைத் தட்டினாங்களே, அன்னைக்கிலேருந்து நான் ஒழுங்காத் தூங்கலை" என்றார். "வேலை போயிடும், ஜெயிலுக்குப் போகணும், பையன் என்ன நினைப்பான், எல்லாம்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்று அத்தனை நாளும் நம்பியிருந்தேன். ஒரே கூரையின் கீழ், ஒரு சுவர் தள்ளி, அவரும் விழித்துக் கிடந்திருக்கிறார். விடிந்ததும் எழுந்து எனக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருடைய கால் நடுக்கம் நிற்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.