பட்டியலில் எழுதாத ஆடுகள்

1920களின் நடுவில் நான் மதுரை தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலை இன்னும் உறுதியாகவில்லை. விளாங்குடியைத் தாண்டி, நாகமலைச் சரிவில் இருந்த ஒரு காட்டைப் பாரஸ்ட் இலாகா எங்கள் ரெவின்யூ இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இனிமேல் ஊர்ப் பஞ்சாயத்துதான் அதைப் பராமரிக்கும், மேற்பார்வை எங்களுக்கு. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்னையும் கூட்டிப்போனார்.

காலையில் இருந்தே வெயில். ரேஞ்சர் எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகத் தடியால் தட்டிக் காட்டினார், நான் எழுதிக்கொண்டே பின்னால் போனேன். கல், வண்டிப்பாதை, பாரஸ்ட் கார்டு தங்கும் குடிசை, திருட்டுத்தனமாக மேய்ந்து பிடிபடும் கால்நடைகளை அடைக்கும் பட்டி, அதன் பூட்டு, சாவி. எல்லாம் பட்டியலில் ஏறின. பதினோரு மணிக்கு ரேஞ்சரும் இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பட்டியை ரேஞ்சர் தூரத்திலிருந்தே காட்டியிருந்தார், அருகே போன பிறகுதான் அதற்குள்ளிருந்து ஆடு கத்துவது எங்கள் காதில் விழுந்தது.

விடியும்போது பாரஸ்ட் கார்டு இருபத்து மூன்று வெள்ளாடுகளைப் பிடித்து அடைத்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னைக்குக் கடைசி நாள்னு தெரியும்ல? எதுக்குய்யா பிடிச்ச?" என்று ரேஞ்சர் அதட்டினார்.

"கடைசி நாளுன்னு சும்மா உக்காந்திருந்தான்னு நாளைக்கு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல எசமான்" என்றார் கார்டு. அவர் நையாண்டியாகச் சொல்லவில்லை.

ரேஞ்சர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். பட்டி இப்போது உங்களுடையது, உள்ளே இருப்பதும் உங்கள் பொறுப்பு என்றார். பிடித்தது உங்கள் ஆள், வழக்கும் உங்களுடையது, பட்டியலில் இல்லாததை நான் எப்படி வாங்குவது என்றார் இன்ஸ்பெக்டர். கொஞ்ச நேரம் பேசிவிட்டு ரேஞ்சர் குதிரையேறிப் போய்விட்டார். கார்டுக்கு அழகர்மலைப் பக்கம் மாற்றல், அவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இன்ஸ்பெக்டர் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நீ இங்கனயே இரு. தாசில்தார்ட்டக் கேட்டு எழுதி அனுப்புறேன். அதுவரைக்கும் திறந்துறாத."

மத்தியானம் ஆட்டுக்காரி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். புருஷன் இல்லாதவள், அந்த ஆடுகளை வைத்துத்தான் பிழைப்பு. காடு கைமாறிய செய்தி அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

"தம்பி, மலை இனிமே ஊருக்குன்னுதான தமுக்கடிச்சாக? ஊரு மலையில ஊரு ஆடு மேஞ்சதுக்கு எதுக்கு அடைச்சுப் போட்டிருக்கீக?"

"காலையில பிடிச்சப்ப மலை பாரஸ்ட்டுக்காரங்களோடது அக்கா."

"அப்பச் சாவி அவுகட்டல்ல இருக்கணும்?"

அவள் திட்டவில்லை. போய்க் குழை ஒடித்துக்கொண்டு வந்து வேலிக்கு மேலாகப் போட்டாள். சாயங்காலம் ஒன்பது குட்டிகளைக் கூடையிலும் தோளிலுமாகக் கொண்டுவந்தாள். தாய்கள் இங்கே மடி கனத்து நிற்க, குட்டிகள் வீட்டில் காலையிலிருந்து பசியோடு கத்திக்கொண்டிருந்தனவாம். பூட்டைத் திறந்து, வாசல் படலைக் கொஞ்சம் நகர்த்திக் குட்டிகளை உள்ளே விட்டேன். அதையும் செய்யலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது.

இருட்டினால் ஊர்த் தலையாரியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவேன், விடிந்ததும் சைக்கிளில் திரும்பி வருவேன். இரண்டாம் நாள் எந்தத் தகவலும் இல்லை. தண்ணீர் ஊருணியிலிருந்து வரவேண்டும். அவள் நாலு குடம் சுமந்தாள், நான் இரண்டு சுமந்தேன். பட்டி சின்னது, நிழல் கிடையாது.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து தபால் வந்தது. விஷயம் பாரஸ்ட் இலாகாவுக்கு எழுதப்பட்டிருக்கிறது, பதில் கிடைக்கும்வரை ஆடுகளைப் பத்திரமாக வைத்திருக்கவும் என்று இரண்டு வரி.

அன்று மத்தியானம் ஒரு வெள்ளைப் பெட்டை படுத்துவிட்டது, எழுப்பியும் எழவில்லை. அவள் உள்ளே வந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, இது செத்துப்போனா நான் எந்த ஆபீசுல போயிக் கேக்கணும்? அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது. பத்திரமா வச்சுக்கிருவேன்."

காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்தேன். மேலே இடம், தேதி எழுதினேன். அதற்கு மேல் எந்த ஆபீஸின் பெயரை எழுதுவது? பிறகு அதே தாளில், ஆடுகளை உடையவளிடம் விட்டுவிட்டேன், இது என் சொந்தப் பொறுப்பில் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படலை முழுவதும் திறந்தேன். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு ஓடின. அவள் வெள்ளைப் பெட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தாசில்தார் என்னை நிற்கவைத்துக் கேட்டார்.

"யார் சொல்லித் திறந்தீர்?"

"யாரும் சொல்லலை சார்."

"யாராவது சொன்னார்கள் என்று எழுதியிருந்தால் எனக்கும் சுலபம், உமக்கும் சுலபம்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது, கொடுத்தேன். வேலை உறுதியாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. வீட்டில் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வெள்ளைப் பெட்டை பிழைக்கவில்லை என்று பின்னால் தலையாரி சொன்னார். மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்ததும் அந்த ஊருக்குப் போனேன். ஆட்டைப் பற்றி நான் பேச்செடுக்கும் முன்பே அவள் வேறு கவலையைச் சொன்னாள். பஞ்சாயத்தார் மாட்டுக்குத்தான் மேய்ச்சல் சீட்டு கொடுக்கிறார்களாம், வெள்ளாடு காட்டை அழித்துவிடும் என்கிறார்களாம்.

"பாரஸ்ட்டுக்காரவுககிட்டயாச்சும் கெஞ்சலாம். இவுக பங்காளிக, கெஞ்சினா சிரிக்கிறாக" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அவள் கட்டைவிரலைப் பதித்தாள். அந்த மனு எங்கள் ஆபீஸுக்குத்தான் வந்தது, நான்தான் அதைப் பைலில் கோத்து மேலே அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து உத்தரவாயிற்று. பத்து ஆட்டுக்குச் சீட்டு கொடுத்தார்கள். மற்றதை அவள் சந்தையில் விற்றுவிட்டாள்.