சூட்டுக்களத்தில சொல்லக்கூடாத சொல்லு

இத எழுதாமலே விட்டிருப்பன், எழுத ஆருக்கு ஏலும்? ஆனா நேத்துக் கோயிலடியில, நான் கூலிக்கு நிண்ட வயலுக்குச் சொந்தக்காரர், அந்தப் போடியார், என்னைக் கண்டு மூஞ்சையத் திருப்பினார். மறுகா எப்படி விடுறது?

போன போகம் உன்னிச்சைப் பக்கம் அவர்ட வயல் வட்டையில, குவிச்ச கதிர்ச் சூட்ட மாடு விட்டு மிதிச்சுக்கொண்டு நிண்டன். என்ட பொஞ்சாதிக்குத் தலைப்பிள்ள, எட்டு மாசம்தான். மாமி மூச்சு வாங்க ஓடி வந்து களத்து வரம்பில நிண்டு, "மருமகன், என்ட பிள்ளைக்குப் பேத்து நோவு கண்டுட்டு! மருத்துவிச்சியக் கூட்டிவர வண்டில் வேணும்!" எண்டா.

போடியார் அசையவே இல்ல. "எட்டு மாசத்தில என்ன நோவு? மாங்காய் திண்டிருப்பாள். இப்ப மாட்ட அவிழ்த்தாப் பொலி போயிரும். பொம்புள களத்துக்குக் கிட்ட வரவும் கூடாது, போகச்சொல்லு."

மாமி அழுதா. எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

களத்தில நெல்லப் பொலி எண்டுதான் சொல்லவேணும். 'இல்ல', 'முடிஞ்சு' எண்டு வாய் தவறினாலும் பூதம் விளைச்சல அள்ளிப்போயிரும் எண்டு எல்லாருக்கும் பயம். நான் சூட்டுக்கு மேல ஏறி, "போடியார், நெல்லு முடிஞ்சு! ஒண்டும் இல்ல!" எண்டு ராகம் போட்டுக் கத்தினன். ஆக்கள் கம்பைப் போட்டுட்டு ஓடினாங்க. திரும்பப் பூசை வைக்காம இனி மிதிக்கேலா. சும்மா நிண்ட மாட்ட நானே வண்டில்ல பூட்டினன். களத்தில ஏசவும் கூடாதே, போடியார் வாயப் பொத்திக்கொண்டு நிண்டார்!

மருத்துவிச்சி நேரத்துக்கு வந்தா. மகள் உள்ளங்கையளவுதான், ஆனா கத்தினது நாலு வளவுக்குக் கேட்டிச்சு.

அண்டைக்கு என்னோட களத்தில நிண்ட கூட்டாளியிட்டச் சொன்னன், "மச்சான், வாற போகமும் அவர்ட சூட்டில ஏறிக் கத்துவன்."

"உன்ன இனி எந்தப் போடியாரடா களத்துக்குள்ள விடுவான்?"