சித்தப்பா மாட்டிய ஏர் ஃபில்டர்

பத்து வயதில் என்னை நம்பி ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்ததாக நினைவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. அப்பாவுக்கு அது இன்னொரு மாடு. கழுவுவார், தட்டிக்கொடுப்பார், மேடு வந்தால் பாவப்பட்டு ஆளை இறங்கச் சொல்வார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து சிவப்பு நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை வாங்கிவந்தார். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டக் கம்பெனி வைத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும், வண்டி பறக்கும் என்பது அவர் கட்சி.

மாட்டிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். அந்த உறுமலைக் கேட்ட எங்கள் எருமை அன்று மாலைப் பாலை மடியிலேயே நிறுத்திக்கொண்டது. நான் அந்த நிமிஷமே சித்தப்பாவின் பக்தனாகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக்காட்டி, டீச்சரிடம் அடியும் வாங்கினேன்.

சித்தப்பாவுக்கு அது விளையாட்டு இல்லை. கோழிப்பண்ணை, செங்கல் சூளை, கேபிள் டிவி என்று மூன்றில் கைவைத்து மூன்றையும் விட்டிருந்தார். பெண் பார்க்கப் போன இடங்களில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் காபியை ஊதிக்கொண்டிருந்தார்கள். இப்போது ரோட்டோர நிலத்தில் ஒரு ஷெட் போட்டு, வருகிற கார்களுக்கெல்லாம் இந்த மாதிரிச் சாமான்கள் மாட்டிக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். இதுவும் போனால் நாலாவது ஒன்று கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எருமை உட்பட.

அப்பா ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தார். சத்தம்தான் கூடியிருக்கிறது, இழுவை கூடவில்லை என்றார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், பெட்டியோடு ஒரு தடவை, ஃபில்டரோடு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது, ஃபில்டர் ஜெயித்தால் ஷெட் போட்டுக்கொள்வது என்று முடிவானது. அரிசி மில்லிலிருந்து வாய்க்கால் பாலம் வரை நேர் ரோடு. போகும்போது பெட்டி, பாலத்தில் நிறுத்தி மாற்றிக்கொண்டு வரும்போது ஃபில்டர். இந்த ஏற்பாட்டைச் சொன்னதும் சித்தப்பா, ஓட்டியதும் சித்தப்பா. அப்பா பின் சீட்டில். நான் முன் சீட்டில், அப்பாவின் கடிகாரத்தோடு.

ஆடி மாதம். கணவாய்க் காற்றில் பனைமரமெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. பாலம் போய்ச் சேர ஒரு நிமிஷம் எட்டு விநாடி ஆனது. உண்மையைச் சொன்னேன்.

சித்தப்பா பானெட்டைத் திறந்து வேலையில் இறங்கினார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அப்பா இறங்கிப்போய்ப் பாலத்துக் கட்டையோரம் நின்று, காய்ந்த புல்லில் ஒரு பிடி கிள்ளி, உள்ளங்கையில் கசக்கிக் கீழே விட்டார்.

"காத்து நல்லாத்தான் அடிக்குது" என்றார்.

சித்தப்பா தலையை வெளியே எடுக்காமலே, "ஆடி மாசமில்லீங்களாண்ணா" என்றார்.

வரும்போது வண்டி உறுமிய உறுமலில் எனக்குப் புல்லரித்தது. மில் வந்ததும் முள்ளைப் பார்த்தேன். சரியாக ஒரு நிமிஷம். சித்தப்பா ஜெயித்துவிட்டார். ஆனாலும் பக்திக்கு அது போதவில்லை. "அம்பத்தஞ்சு விநாடிங்கப்பா" என்றேன்.

அப்பா கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கினார். அதையே பார்த்தார். பிறகு கையில் கட்டிக்கொண்டார்.

"ஷெட் போட்டுக்கோ, தம்பி."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார். அப்பா இறங்கி, "நம்ம வண்டிக்கு மட்டும் அந்தப் பழைய பெட்டியவே மாட்டீரு" என்றார்.

எனக்கு வந்த கோபம்! தோற்றதை ஒத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். ஃபில்டரைக் கழற்றியதும் அப்பா தன் துண்டின் முனையை இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் விட்டுத் துடைத்தார். எங்கள் காட்டு மண்ணின் நிறத்தில் வெளியே வந்தது. சித்தப்பாவுக்கு மட்டும் காட்டிவிட்டுத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஷெட் நிலைத்துவிட்டது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி, மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன வருஷம் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். புத்தி பத்து வயதிலேயே நின்றுவிட்டதால், நேராக அவரிடம் போய்ச் சிவப்பு ஃபில்டர் கேட்டேன்.

"சத்தம் வேணும்னா மாட்டித் தர்றேன், சாமி. ஓட்டம் வேணும்னா பேசாம ஊட்டுக்குப் போ" என்றார். கம்பெனிக்காரன் வெளியிலிருந்து குளிர்ந்த காற்று வரும்படி குழாய் வைத்திருக்கிறான், இதைத் திறந்தபடி மாட்டினால் இன்ஜின் சூட்டுக் காற்றையே திரும்பக் குடிக்கும், மட்டமான ஃபில்டர் என்றால் நம் ஊர்ப் புழுதியையும் சேர்த்துக் குடித்து உள்ளே தேயும் என்று விளக்கினார். ரேஸ் ஓட்டுகிறவன் இன்ஜினையே மாற்றி அமைத்துவிட்டு மாட்டுவான், அது வேறு கதையாம்.

அப்புறம் அன்றைக்கு எப்படி ஜெயித்தது என்று கேட்டேன். சித்தப்பா ஷெட்டுக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"போறப்ப எதுத்த காத்து. வர்றப்ப பின்னால தள்ளற காத்து. தெரிஞ்சேதான் அப்புடி வெச்சேன். எங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதே."

ஆக, முன் சீட்டில் இருந்த இரண்டு பேருமே ஃபிராடு. வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாலம் வரைக்கும் சிரித்தபடியே வந்தேன். அங்கே வந்ததும்தான் பின் சீட்டில் இருந்தவர் ஞாபகம் வந்தது. களத்தில் கொள்ளு தூற்றுவதற்கு முன்னால் அப்பா எப்போதும் ஒரு பிடி சருகை எடுத்து, உள்ளங்கையில் கசக்கி, கீழே விட்டுப் பார்ப்பார். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது என்பார். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பாலத்திலும் பார்த்தேன். பாவம், அப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.