முதுகில் இருக்க வேண்டிய ஜிப்பு

வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டுதான் அய்யூப் பாய் வேலை செய்வார். கோபம் வந்தால் முதலில் ஆணிகளை உள்ளங்கையில் துப்புவார். பிறகுதான் வசவு வரும். இந்தப் பத்து நாளாக ஆணி வாயில் தங்குவதே இல்லை.

வேங்கிக்கால் போகிற சாலையில் ஆட்டோவுக்கு சீட் தைக்கும் கடை அவருடையது. இருபத்தாறு வருஷத்தில் தையல் விட்டுப்போச்சு என்று ஒருவர் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம்தான் போன வருஷம் மாறன் என்கிற புது சினிமா இயக்குநர் வந்து, தன் படத்தில் வானத்திலிருந்து ஏரியில் விழுகிற பிராணிக்குத் தோல் தைக்கச் சொன்னார். கையில் காசு கம்மி, ஆசை ஜாஸ்தி. பாய் கறுப்பு ரெக்சினை வெந்நீரில் முக்கிச் சுருக்கம் விழவைத்து, தேங்காய் நார் திணித்து, பதினெட்டு நாளில் தைத்துக் கொடுத்தார். ஜிப்பு முதுகில். அதை மூட ஒரு மடிப்பு. தேடினாலும் கண்ணில் படாது.

படம் வந்தது. இடைவேளை வரை ஒரு குறை சொல்ல முடியாது. பிராணியைக் காட்டவே இல்லை. வற்றிய ஏரி, பின்வாங்கும் நாய், சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு மூச்சு, அவ்வளவுதான். தைத்த பாய்க்கே கால் சில்லிட்டது. அப்புறம் ஒரு விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக் கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். பயமெல்லாம் வடிந்துபோயிற்று. கடைசியில் பிராணி வெள்ளை வெளிச்சத்தில் நேருக்கு நேர் வந்து நின்றது. கழுத்திலிருந்து தொப்புள் வரை பளபளவென்று ஜிப்பு! தியேட்டரே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் எழுத்து வந்தது: ‘பிராணி உடை: அய்யூப், திருவண்ணாமலை.’

“உடுப்பப் போட்டவருக்கு முதுகுல கை எட்டல பாய். வேர்த்து மயக்கமே வந்துடுச்சு. அதான் திருப்பிப் போட்டுட்டாரு, மடிப்பும் விலகிடுச்சு. யாரு பாக்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்” என்று போனில் மழுப்பினார் மாறன்.

“ஊரே பாத்துச்சுங்க! திருப்பிப் போட்டவன் பேரு எங்க? தெச்சவன் பேருதான பெரிசா கீது!”

சீட் தைக்க வந்த ஆட்டோக்காரர் ராமதாஸ் சும்மா இருப்பாரா? “பாய், என் சீட்டுக்கும் முன்னால ஒரு ஜிப்பு வெச்சுடுங்களேன்.”

ஆணிகள் உள்ளங்கைக்கு வந்தன. “ஏந்துருடா. நார் மட்டும் தர்றேன், அதும்மேல குந்திகினு ஓட்டு!”

ஆனால் படமே குப்பை என்று ராமதாஸ் சொன்னபோது பாய் அதையும் விடவில்லை. “மொதப் பாதிய பத்தி ஒரு வார்த்த பேசாத. அப்படி எடுக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு ஜிப்ப மறைக்கத் தெரியலியே, அதான்டா வயிறு எரியுது.”

நேற்றுப் பகல் காட்சிக்கு நாலாவது தடவையாகப் போனார். மாடியில் கடைசி வரிசை. ப்ரொஜெக்டர் வெளிச்சம் தலைக்குச் சற்று மேலே போகிற இடம். விஞ்ஞானி பேசி முடித்தார். பிராணி வெளிச்சத்துக்கு வந்தது. கீழே சிரிப்பு கிளம்புமுன் அய்யூப் பாய் நாற்காலிமேல் ஏறி நின்று வலது கையை உயர்த்தினார். ஐந்து விரலின் நிழலும் திரையில் பெரிதாக விழுந்து, பிராணியின் நெஞ்சை மேலிருந்து கீழ்வரை மூடியது.

“யோவ், உக்காருய்யா!” என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

அவர் கையை இறக்கவில்லை.