இரண்டு காலும் மேலே

நான் பிக்கப் வண்டி ஓட்டிய காலத்தில், முதலாளியான மிராசுதார் வந்தால் வண்டியை விட்டு இறங்கிவிடுவேன். யாரும் இறங்கச் சொன்னதில்லை. அவர் களத்துப் பக்கம் தலை காட்டினால் போதும், என் கால்கள் தாமாகவே தரைக்கு வந்துவிடும். இத்தனைக்கும் அந்த வருஷம் நான் விவசாயக் கூலிகள் சங்கத்தில் இருந்தேன். கூலித் தகராறில் கொடி பிடித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலிலேயே கத்தியவன். "இனிமே எவனும் துண்டை இடுப்புல கட்டக்கூடாது" என்று கூட்டத்தில் பேசியவனும் நான்தான். என் வாய் சங்கத்தில் சேர்ந்திருந்தது. முதுகு இன்னும் சேரவில்லை.

கழகம் ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு, கூலிக்குச் சட்டம் என்று தினமும் ஒரு பேச்சு. குறுவை அறுப்பு தொடங்கும்வரை அவரும் நாங்களும் முறைத்துக்கொண்டே இருந்தோம். ஒருவழியாகப் பேசி முடித்து, அறுத்து, அடித்து, மூட்டை கட்டிக் களத்தில் அடுக்கினோம். அன்றைக்கே கிழக்கில் நாகப்பட்டினத்துப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. அவர் நெல்லும் எங்கள் கூலி நெல்லும் ஒரே களத்தில் கிடந்தன. நனைந்தால் இரண்டும்தான் முளைக்கும். மாட்டு வண்டிகளெல்லாம் வேறு களங்களில் மாட்டிக்கொண்டிருந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, இருந்த ஒரே பிக்கப்பின் ஸ்டீயரிங்கும் காலை வாரியது.

அதில் ஆட்டம் எப்போதும் உண்டு. ஸ்டீயரிங்கைக் கால் வட்டம் சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதி போகும். அன்றோ அரை வட்டம் சுற்றியும் சக்கரம் அசையவில்லை. பாரத்தோடு வாய்க்கால் கரையில் போனால் நெல்லோடு நானும் தண்ணீருக்குள்தான்.

அவரிடம் சொன்னேன். அவருக்கு மெஷின் பைத்தியம். மற்ற மிராசுதார்கள் சீட்டாடும் நேரத்தில் இவர் ஏலத்தில் எடுத்த இந்தப் பழைய வண்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். எனக்கு ஓட்டத்தான் தெரியும். அதன் வயிற்றுக்குள் இருப்பது அவருக்குத்தான் தெரியும். சட்டையைக் கழற்றி ஒரு மூட்டை மேல் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்துவிட்டார்.

"கம்பிங்க சேர்ற ஒவ்வொரு மூட்டுலயும் கையை வச்சுப் பாக்கறேன். நீ ஸ்டீயரிங்கை லேசா ஆட்டு. எது சும்மா ஆடுதோ அதான் கழண்டிருக்கு."

நான் தரையில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஆட்டினேன். எட்டிப் பிடிக்கும் கைக்கு நிதானம் ஏது? ஸ்டீயரிங் கம்பி வெடுக்கென்று துள்ளியது. அடியிலிருந்து ஒரு சத்தம்.

"டேய், வெரலு போயிருக்கும்டா! ஏறி உக்காந்து ஆட்டு."

"பரவாயில்லீங்க, இங்கேருந்தே ஆட்டறேன்."

அடியிலிருந்து நிதானமாகச் சொன்னார்:

"ஒன் ரெண்டு காலும் எனக்கு இங்க தெரியுது. ரெண்டும் மேல போனாத்தான் நான் கையை வைப்பேன்."

அவர் தரையில் கிடக்க, நான் மேலே உட்காருவதா? களத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என்னோடு கொடி பிடித்தவர்களும் இருந்தார்கள். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

திறந்த கதவு வழியே குனிந்தால் அவர் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கும் மனுஷர்; உள்ளங்காலை அன்றுதான் பார்த்தேன். சேறு மிதிக்காத கால், பச்சைக் குழந்தையின் கால்போல வெளுத்திருந்தது. ஒரு மாதம் முன்னால் இவர் ஒழியவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். இப்போது அவர் விரல்கள் இரும்புக்கு நடுவில். அந்த இரும்பை அசைக்கும் வட்டம் என் கையில். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கையை வைத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டினேன். "இன்னும் கொஞ்சம்." "நிறுத்து." "இப்ப அந்தப் பக்கம்." நெல்மணி அகலம் அசைந்தாலும் அவர் விரல் கண்டுபிடித்தது. கண்ணால் பார்க்காமல், தொட்டே ஒரு வண்டியின் நோயைச் சொல்ல முடியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

"கெடச்சிடுச்சுடா!"

ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையில் ஒரு உருண்டை மூட்டு. அதை அழுத்திப் பிடிக்கும் திருகு, அது கழலாமல் குத்தியிருந்த 'பின்' ஊசி அறுந்துபோனதால் கழன்று வந்திருந்தது. இறுகத் திருகி, மயிரிழை தளர்த்தி, புதுப் பின்னைச் செருகி வளைத்துவிட்டார். அவ்வளவுதான் வேலை.

மூட்டை ஏற்றிக்கொண்டு கரை ஏறினேன். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பழைய பழக்கத்தில் கால் வட்டம் சுற்றினேன். வண்டி வாய்க்காலைப் பார்த்துப் பாய்ந்தது. "வண்டி இப்ப சொன்ன பேச்சு கேக்குதுடா, லேசாப் புடி!" என்று அலறினார். அதன்பின் இரண்டு விரலால் ஓட்டினேன். நினைத்த பக்கம் வண்டி போனது. நெல் இறங்கிய பிறகுதான் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூலி நெல்லும் நனையவில்லை.

அடுத்த வருஷமும் அவர் வாசலில் கொடி பிடித்தேன். அது வேறு சங்கதி.

நெல் ஏற்றிய மறுநாள் காலை வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அவர் வந்தார். என் கால் தானாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவுக்குக் கீழே தரையைத்தான் பார்த்தார். அங்கே என் கால்கள் இல்லை. வண்டியைச் சுற்றி வந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"எடு, போவலாம்" என்றார்.